கீறல்களைத் துடைக்காதீர்கள்: ‘மெட்ரோபோலிஸ்’ நூற்றாண்டுப் பதிப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: வீஸ்பாடன் நகரிலுள்ள ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் முர்னாவ் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களும், அவர்களிடம் உரிமை பெற்றுப் பல நாடுகளில் வட்டுகளை வெளியிடும் பதிப்பாளர்களும்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரி 10 அன்று பெர்லினின் உஃபா பலாஸ்ட் அம் ஸூ அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2027 ஜனவரியோடு அதற்கு நூறாண்டு நிறைகிறது. இத்தகைய படத்தின் நூற்றாண்டுக்குச் சேகரிப்பாளர்களுக்கென ஒரு பதிப்பு வரும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது. அந்தப் பதிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்கச் சில செய்திகள் என்னிடம் உண்டு. ஆனால் இம்மடலின் உயிர் ஒரே ஒரு வேண்டுகோளில்தான் இருக்கிறது. படத்திலிருந்து தொலைந்துபோய், 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் கிடைத்த காட்சிகளின் மேல் படிந்துள்ள கீறல்களை, இன்று எவர் கைக்கும் எளிதாகிவிட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் துடைத்தெடுத்து, மற்றக் காட்சிகளோடு வேறுபாடே தெரியாதபடி கலந்துவிடாதீர்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அலுவலகங்களில் தமிழ் படிப்பவர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் வட்டுகளைக் காசு சேர்த்து வாங்குகிறவர்களில் தமிழரும் இருக்கிறோம். அதைவிட, ஒரு படம் காணாமற்போவது என்றால் என்ன என்பதை எங்களுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப் படம் இன்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது, அதன் பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. விளம்பரத் துண்டுகளையும் ஓரிரு ஒளிப்படங்களையும் முன்னே வைத்துக்கொண்டு அந்தப் படங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் கற்பனை செய்துகொள்கிறோம். ஆகவே, உலகின் வேறொரு மூலையில் ஒரு பழைய டப்பாவிலிருந்து தொலைந்த படம் மீண்டது என்ற செய்தி எங்கள் காதில் விழும்போது, அதில் மகிழ்ச்சியோடு கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும்.

நான் ‘மெட்ரோபோலிஸை’ முதலில் பார்த்தது நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய வீடியோ சிடியில்தான். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, யார் வெட்டியது, இசை யாருடையது என்ற விவரம் எதுவும் உறையில் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் படம் முடிந்துபோனது. ரோட்வாங் என்ற கண்டுபிடிப்பாளன் அந்த இயந்திரப் பெண்ணை ஏன் செய்தான், நகரத்தின் தலைவனான யோ ஃபிரெடர்சன் மீது அவனுக்கு ஏன் அத்தனை வன்மம், மெலிந்த உருவமுடைய ஓர் ஒற்றன் எதற்காக இங்குமங்கும் வந்துபோகிறான் என எதுவும் விளங்கவில்லை. பிரமாண்டமான அரங்குகளைக் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை போலும் என்ற முடிவுக்கு வந்தேன். பல ஆண்டுகள் அந்த எண்ணத்தோடே இருந்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிழை படத்தினுடையதன்று. முதல் காட்சிக்குத் திரையிடப்பட்ட படம் 4,189 மீட்டர் நீளம், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடக்கூடியது. அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனம் அதைச் சுருக்கும் பணியை நாடகாசிரியர் சானிங் போலக்கிடம் ஒப்படைத்தது. ரோட்வாங் காதலித்தவளும், பின்னர் ஃபிரெடர்சனை மணந்து அவன் மகனைப் பெற்றெடுத்தபோது இறந்தவளுமான பெண்ணின் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை அது நினைவூட்டும் என்பதால் அந்தப் பாத்திரத்தையே படத்திலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். அவள் போனதும் ரோட்வாங்கின் வன்மத்துக்குக் காரணம் போயிற்று. இயந்திரப் பெண், ஓய்வறியாத தொழிலாளியாக உருவாக்கப்பட்ட பொருளென்று, காட்சிகளுக்கிடையே உரையாடலைக் காட்டும் எழுத்து அட்டைகளில் மாற்றி எழுதப்பட்டாள். ஜெர்மனியிலும் முழுப் படம் சில மாதங்களே ஓடியது. 1927 ஆகஸ்டில் மறுபடி திரைக்கு வந்தபோது அதுவும் சுருக்கப்பட்ட வடிவமாகவே இருந்தது. படத்தின் கால் பங்கு அளவு அப்படியே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது.

அதைத் தேடியவர்களின் பொறுமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனினும் தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தில் எனோ பட்டாலாஸ் பல்லாண்டுகள் உழைத்து, தணிக்கைத் துறைக்கு அளிக்கப்பட்ட எழுத்து அட்டைகளின் பட்டியலையும், கோட்ஃபிரீட் ஹூப்பெர்ட்ஸ் இந்தப் படத்துக்கென எழுதிய இசைக்குறிப்பையும் துணையாகக் கொண்டு, எந்தக் காட்சிக்குப் பின் எது வந்தது என்று வரிசைப்படுத்தினார். அந்த இசைக்குறிப்பில், திரையில் இன்னது நடக்கும்போது இந்த இசை என்று சுட்டும் 1,028 குறிப்புகள் இருந்தன. படமில்லாத இடங்களில் படத்தின் எலும்புக்கூட்டை அந்த இசைதான் காத்து வைத்திருந்தது. 2001இல் மார்ட்டின் கெர்பரின் பொறுப்பில் உங்கள் அறக்கட்டளை செய்த மீட்பு, இருந்த காட்சிகளைக் கண்ணாடிபோல் தெளிவாக்கி, இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதை எழுத்தில் மட்டும் சொல்லி நகர்ந்தது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ‘மெட்ரோபோலிஸ்’ சேர்ந்தது. அந்தப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் திரைப்படம் அதுவே. இதற்குமேல் எதுவும் கிடைக்காது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது.

பிறகுதான் புவெனஸ் ஐரிஸ். 1928இல் அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர் சுருக்கப்படாத படத்தின் பிரதி ஒன்றை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுசென்றிருந்தார். அது திரை விமர்சகர் மானுவெல் பென்யா ரோட்ரிகஸின் சேகரிப்புக்குப் போனது, பின்னர் அரசின் கலை நிதியத்துக்குப் போனது, 1992இல் நகரத்தின் திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்தது. இடையில் எப்போதோ, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளை வைத்திருப்பது ஆபத்து என்று கருதி, வழக்கமான 35 மிமீயைவிடச் சிறிய 16 மிமீ நகல் நெகட்டிவ் ஒன்றை எடுத்துவிட்டு மூலப் பிரதியைக் கைவிட்டுவிட்டார்கள். திரைப்பட ஆய்வாளர் ஃபெர்னாண்டோ மார்ட்டின் பென்யாவுக்கு ஐயம் எழுந்தது ஒரு பழைய கதையிலிருந்து. திரைப்படக் கழகமொன்றை நடத்திய சால்வடோர் சமாரிட்டானோ, முன்பு இந்தப் படத்தைத் திரையிட்டபோது, சுருள் புரொஜெக்டரில் நிலைகொள்ளாமல் துள்ளியதால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றதாகச் சொல்லியிருந்தார். விரல் வலித்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், உலகத்திடம் இருந்த எந்தப் பிரதியும் அத்தனை நேரம் ஓடாது! இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பென்யா இருபது ஆண்டுகள் காத்திருந்தார். 2008இல் பவுலா ஃபெலிக்ஸ் டிடியே அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு, இருவரும் அந்த டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள்.

திரைப்பட வரலாற்றில் ஆபரேட்டர்களின் விரல்களுக்கு நன்றி சொல்லும் இடங்கள் அரிது. உங்கள் நூற்றாண்டுப் பதிப்பின் உறையில் இயக்குநர், நடிகர்களின் பெயர்களுக்குக் கீழே சமாரிட்டானோ, ஃபெர்னாண்டோ பென்யா, ஃபெலிக்ஸ் டிடியே ஆகிய மூவரின் பெயர்களும் இருந்தால் நன்றாயிருக்கும்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் திரையரங்குகளில் பழைய பிரிண்ட் ஓடும்போது திரையில் நெடுக்குவாட்டில் கோடுகள் விழும். அதை ‘மழை பெய்கிறது’ என்போம். புவெனஸ் ஐரிஸ் காட்சிகளில் பெய்வது சாதாரண மழையன்று. வழக்கமாகக் கீறல் என்பது சுருளின் மேற்பரப்பில் இருக்கும், அதைக் கழுவலாம், நீர்மத்தில் மூழ்கடித்து நகலெடுத்தால் பெருமளவு மறையும். ஆனால் அங்கே, பல்லாண்டுகள் ஓடித் தேய்ந்து எண்ணெயும் அழுக்கும் படிந்திருந்த நைட்ரேட் பிரதியைத் துப்புரவு செய்யாமலேயே 16 மிமீக்கு நகலெடுத்துவிட்டார்கள். கீறல்கள் நெகட்டிவின் மேல் இல்லை, நெகட்டிவில் படமாகவே பதிந்திருக்கின்றன. நடிகரின் முகம் எந்த ஒளியால் பதிந்ததோ அதே ஒளியால் அவையும் பதிந்தன. போதாக்குறைக்கு, மௌனப் படத்தின் சட்டகம் பேசும்படத்தின் சட்டகத்தைவிடப் பெரியது என்பதைக் கவனிக்காமல் நகலெடுத்ததால், படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. கிடைத்த காட்சிகளைச் சேர்த்து வந்த 2010 பதிப்பில் அவை கறுப்பு ஓரங்களோடு சற்றே சிறுத்துத் தோன்றுவது இதனால்தான்.

அந்தப் பதிப்பை உருவாக்கிய ஆன்கே வில்கெனிங் உள்ளிட்டோரும், எண்முறைத் துப்புரவைச் செய்த மியூனிக்கின் ஆல்ஃபா ஒமேகா நிறுவனத்தாரும் கீறல்களைக் குறைக்க முயன்றார்கள். ஓரளவுக்குமேல் போனால் படமே கரைந்துவிடும் என்ற இடத்தில் நின்றுகொண்டார்கள். நான் இம்மடலில் வாதாடுவது அந்த நிறுத்தத்துக்காகத்தான். அதை அவர்களுடைய இயலாமை என்று யாரேனும் இன்று கருதினால், அன்று இல்லாத கருவி இன்று இருக்கிறதே, மிச்சத்தையும் முடித்துவிடலாமே என்ற எண்ணம் எளிதாக எழும். இயலாமையின் பங்கும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் விளைவு நேர்மையாக அமைந்தது. அந்தப் பதிப்பு முதலில் திரையிடப்பட்ட 2010 பிப்ரவரி 12 இரவு பெர்லினின் ஃபிரீட்ரிஷ்ஸ்டாட் பலாஸ்ட்டில் ஃபிராங்க் ஸ்ட்ரோபல் இசைக்குழுவை நடத்தியபோதும், பிராண்டன்பர்க் வாயிலின் முன்னே குளிரில் நின்று மக்கள் பார்த்தபோதும், எது எண்பதாண்டுகளாகத் தெரிந்த படம், எது இப்போது மீண்டது என்பதை யாருக்கும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையே சொன்னது.

அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்த புளூ-ரே வட்டில்தான் நான் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன், உண்மையில் முதல் முறை என்றே சொல்ல வேண்டும். ரோட்வாங்கின் வீட்டில் திரைச்சீலையை விலக்கிய ஃபிரெடர்சன், ஹெல்லின் மாபெரும் கல்முகத்தின் முன்னே நிற்கும் காட்சி வந்தபோது மழை கொட்டியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன்பின் படம் முழுவதும் அப்படித்தான்: மழை தொடங்கினால் கவனம் கூர்மையாகும். ஃபிரிட்ஸ் ராஸ்ப் நடித்த அந்த மெலிந்த ஒற்றன், ஃபிரெடர்சன் வேலையிலிருந்து நீக்கிய உதவியாளன் யோசபாத்தின் அறையில் அமைதியாக அச்சுறுத்தும்போது மழை. வேலைச் சீருடையைக் கழற்றிக் கொடுத்த 11811ஆம் எண் தொழிலாளி, காரில் போகும்போது யோஷிவாரா கேளிக்கை விடுதியின் துண்டுத்தாள்கள் சொரிய, பக்கத்துக் காரிலிருக்கும் பெண்ணை அவன் ஏங்கிப் பார்க்கும்போது மழை. அந்தக் கீறல்கள் எனக்குக் குறையாகப் படவில்லை. இது தொலைந்திருந்தது, இது கிடைத்தது, கிடைத்த வழி இது என்று ஒவ்வொரு சட்டகத்தின் ஓரத்திலும் எழுதிவைத்த குறிப்பாகவே அவை இருந்தன.

கருவிகள் என்ன செய்யும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். கீறலை அகற்றும் பழைய முறை, முன்னும் பின்னுமுள்ள சட்டகங்களிலிருந்து அந்த இடத்துக்குரிய படத்தை எடுத்து நிரப்பும். அதாவது அந்தப் படத்துக்குள்ளேயே தேடும். இப்போதைய கற்கும் கருவிகளோ வேறெங்கோ பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான முகங்களிலிருந்து, இந்த இடத்தில் எது இருந்தால் பொருந்தும் என்று ஊகித்து வரைகின்றன. 16 மிமீ நகலில் தொலைவில் நிற்கும் ஒரு முகம் என்பது சில வெள்ளித் துகள்களின் கூட்டம்தான். அங்கே ராஸ்பின் கண்ணிமையும் கன்னக்குழியும் இல்லை. கருவி கொடுக்கும் கண்ணிமை 1926இல் பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்புத் தளத்தில் கேமராவின் முன் நின்ற மனிதனுடையதாக இருக்காது. கறுப்பு ஓரங்களையும் அவ்வாறே வரைந்து நிரப்பிவிட முடியும், இன்று அது சில நிமிட வேலை. அதைச் செய்தபின் திரையில் தெரிவது லாங் எடுத்த காட்சியாகாது. அதன் நடுவே லாங்கும் ஓரத்தில் வேறொருவரும் இருப்பார்கள், எல்லைக்கோடு எங்கே என்பதுகூடத் தெரியாது.

இவ்வகைப் போலிகளுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. 2023 தொடக்கத்தில் இந்தப் படம் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாகிவிட்டது. வண்ணம் பூசியும் வழுவழுப்பாக்கியும் ‘4கே’ என்று பெயர் சூட்டியும் எவரும் அங்கே வெளியிடலாம், வெளியிடட்டும். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஜெர்மனியில் லாங் 1976இல் இறந்ததிலிருந்து எழுபது ஆண்டு கணக்கிட்டு 2046 இறுதிவரை உரிமை நீடிக்கிறது என்றாலும், உங்கள் பதிப்புக்கு மதிப்பைத் தரப்போவது சட்டமன்று. மூலப் பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள் நீங்கள். இன்ன சட்டகம் இன்ன இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்களும் நீங்களே. நீங்களும் துடைத்துவிட்டால் எது மூலம் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போவதற்கு எங்களுக்கு வேறிடம் இல்லை.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நான் அறியாமலில்லை. பொதுப் பார்வையாளருக்கு, குறிப்பாக முதன்முறை பார்க்கும் இளையோருக்கு, வெள்ளிபோல் ஒளிரும் காட்சியை அடுத்து மழை கொட்டும் காட்சி வந்தால் ஒன்றிப் பார்க்க முடிவதில்லை என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. என் வீட்டிலேயே ஒருவர் அந்த இடங்களில் எழுந்து தேநீர் போடச் சென்றார். அப்படிப்பட்டவர்களுக்காகக் கூடுதலாகத் துப்புரவு செய்த வடிவம் ஒன்றை வட்டில் தெரிவாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட்டைப் போட்டதும் தானாக ஓடும் படம் மழையோடு கூடியதாக இருக்கட்டும். துப்புரவு வடிவத்தில் எதைக் கொண்டு எவ்வளவு மாற்றினீர்கள் என்பது உறையிலேயே அச்சாகட்டும், சிறுநூலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அன்று.

4கே தெளிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பதிப்பின் மூல நெகட்டிவ் ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, அதற்கு அந்தத் தெளிவு முழுக்கத் தகும். ஓய்கன் ஷூஃப்டான் கண்ணாடியைக் கொண்டு சிற்றுருவ அரங்குகளையும் உயிருள்ள மனிதர்களையும் ஒரே சட்டகத்தில் இணைத்த இடங்களில் இணைப்பு கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்க எனக்கும் ஆசைதான். தட்டுப்பட்டால் அதையும் மூடாதீர்கள். இங்கே ஒரு நுட்பத்தையும் நினைவூட்ட வேண்டும். அக்காலத்தில் நல்ல நகல் நெகட்டிவ் எடுக்க வழியில்லாததால், ஜெர்மனிக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஏனைய நாடுகளுக்கு ஒன்று என மூன்று நெகட்டிவ்களைத் தொகுத்தார்கள். அவற்றில் சேர்ந்தவை பக்கத்துப் பக்கத்தில் வைத்த கேமராக்களின் பதிவுகளோ வேறு வேறு டேக்குகளோ ஆகும். ஆகவே தெளிவாக இருக்கும் அமெரிக்க நெகட்டிவின் ஒரு ஷாட்டும், மங்கலான அர்ஜென்டினா நகலின் அதே ஷாட்டும் உண்மையில் ஒன்றல்ல. நடிகரின் தலை ஒன்றில் சற்று முன்னதாகத் திரும்பியிருக்கலாம், லாங் தம் நாட்டு மக்களுக்கென்று தேர்ந்தது மங்கலான ஷாட்டாகவும் இருக்கலாம்.

இதிலிருந்து பிறப்பதே என் இரண்டாவது விண்ணப்பம். அந்த 16 மிமீ நகலை, எந்த இடத்திலும் தெளிவான ஷாட்டைக் கொண்டு மாற்றாமல், முதல் சட்டகம் தொடங்கிக் கடைசிச் சட்டகம் வரை உள்ளது உள்ளபடி ஒரு தனி வட்டில் தாருங்கள். அதை எத்தனை பேர் முழுதாகப் பார்ப்பார்கள் என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கும். சிலரே பார்ப்பார்கள். ஆனால் சேகரிப்பாளர் பதிப்பு என்பது அந்தச் சிலருக்காகத்தானே? எஃகுப் பெட்டி, ஓவிய அட்டைகள், இயந்திரப் பெண்ணின் சிறு பொம்மை ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்கு ஆகாது. இந்தப் படத்துக்காக ஹைன்ஸ் ஷூல்ஸ் நோய்டாம் வரைந்த சுவரொட்டி ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விலைபோயிற்று. படத்தின் நெகட்டிவைச் சிதறவிட்டு அதன் காகிதத்துக்கு விலை வைத்த வேடிக்கையை நினைத்தால், சேகரிப்பாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளவே சிலசமயம் கூச்சமாக இருக்கிறது.

எழுத்து அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறை மாறும் தொழிலாளர்கள் நிலத்தின் ஆழத்துக்கு இறங்கும்போது எழுத்துகளும் கீழ்நோக்கி இறங்குகின்றன. பாபெல் கோபுரக் கதையில் அந்தச் சொல்லே குருதி வழிவதுபோல் உருகுகிறது. அவை படத்தின் பகுதி. வேற்றுமொழி அட்டைகளை அவற்றின் இடத்தில் செருகாமல், ஜெர்மன் அட்டைகளை அப்படியே வைத்து, மொழிபெயர்ப்பை அடியில் துணைவரியாகத் தாருங்கள். அந்த வரிகளில் தமிழும் ஒன்றாக இருக்கலாம். பேசாத படத்துக்குத் தேவைப்படும் வரிகள் சிலவே, ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளருக்குச் சில நாள் வேலை. அதோடு, புளூ-ரே வட்டுகளில் இந்தியாவும் இலங்கையும் ‘சி’ மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், ஐரோப்பாவுக்கெனப் பூட்டப்பட்ட ‘பி’ வட்டை விலைகொடுத்து வரவழைத்தாலும் எங்கள் கருவிகளில் அது ஓடாது. 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை. உடன் வரும் கூடுதல் வட்டுகளையும் பூட்டாமல் விடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜோ மோரோடர் வண்ணச் சாயமேற்றி, ஃபிரெட்டி மெர்க்குரி போன்றோரின் பாடல்களைச் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக வெளியிட்ட வடிவமும் பெட்டியில் இருக்கட்டும். எனக்கு அது பிடிக்காது. ஆனால் அந்தத் தலைமுறையில் பலரும் இந்தப் படத்தை முதலில் கண்டது அவ்வடிவில்தான். தன் கை எங்கே பட்டது என்பதை அது மறைக்கவும் இல்லை.

இறுதியாக, இன்னும் கிடைக்காதிருக்கும் இரண்டு இடங்கள். பேராலயத்தில் துறவி உரையாற்றுவதை ஃபிரெடர்சனின் மகன் ஃபிரெடர் கேட்கும் காட்சியும், ஃபிரெடர்சனும் ரோட்வாங்கும் கைகலக்க, அந்தச் சமயத்தில் கதாநாயகி மரியா தப்பியோடும் காட்சியும் புவெனஸ் ஐரிஸ் நகலிலும் இல்லை. 2010 பதிப்பில் அங்கே நடந்ததை அட்டையில் எழுதிக் காட்டினீர்கள். ஹூப்பெர்ட்ஸின் இசை மட்டும் தொடர்ந்தது. நூற்றாண்டு விழாவின் உற்சாகத்தில், ஒளிப்படங்களையும் திரைக்கதையையும் கருவியிடம் கொடுத்து அக்காட்சிகளை ‘உருவாக்கித்’ தர முன்வருகிறவர்கள் உங்கள் கதவைத் தட்டக்கூடும். அவர்களிடம் மறுத்துவிடுங்கள். எங்கள் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தாமே செய்யுள் இயற்ற வல்ல புலவர். நினைத்திருந்தால் இரண்டு பாடல்களை எழுதிச் சேர்த்திருக்க அவருக்கு ஒரு பொழுது போதும். இன்றும் நூலைத் திறந்தால் 266க்குப் பின் அந்த இரண்டு எண்களுக்கும் பாடல் இல்லை, 269 தொடங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் வட்டுகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு தமிழ் வாசகன்